கூடையோடு நின்ற படம்

ஹட்டனுக்கு வெளியே நாங்கள் கட்டிய வீட்டில் முன் ஹோலின் பெரிய சுவர் வெறுமையாகக் கிடந்தது. ஒரு மணிக்கூடும் கலண்டரும் போதும் என்றாள் மனைவி. எனக்கு அது ஒத்துவரவில்லை. கந்தோரில் என்னோடு வேலை செய்கிறவர்களின் வீடுகளில் நீர்வீழ்ச்சியும் ஓடுகிற வெள்ளைக் குதிரையும் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு இளக்காரம் ஊறியிருந்தது. வீட்டில் மாட்டுகிற படத்துக்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் பேசித் திரிந்தேன். பேச்சோடு விட்டிருக்கலாம்.

என் போனில் அம்மாவின் போட்டோ ஒன்று இருந்தது. அவள் பென்சன் வாங்குவதற்கு முந்தின வாரம், றொசல்லப் பக்கம் அவள் வேலை செய்த தோட்டத்துக்கு நானே போய் எடுத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு நடுவில் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, நெற்றியில் கூடைக் கயிறு அழுந்த நின்றிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. என்னைக் கண்டதும், "எடுக்காதப்பா, இந்தக் கோலத்துல வேணாம்" என்று கையைத் தூக்கி மறித்தாள். நான் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டேன். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு.

அந்தப் போட்டோவை நுவரெலியாவில் வெள்ளைக்காரர்களுக்குப் படம் விற்கிற ஒரு ஓவியரிடம் கொண்டுபோனேன். ஆளுயரத்துக்கு எண்ணெய் வர்ணத்தில் வேண்டும் என்றேன். அவர் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கை மட்டும் ஒரு மாதிரி இருக்குங்க. கொழுந்து எடுக்கிற மாதிரி மாத்திருவோமா?"

"மாத்துங்க."

"லேசா சிரிக்கவும் வச்சிரலாம். ஆளுங்க விரும்புவாங்க."

"சிரிப்பு வேணாம். உண்மையா இருக்கட்டும்" என்றேன் நான். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

படம் நன்றாகத்தான் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி மாட்டினேன். குடிபுகுமுன்பே வீடு பார்க்க வந்த கந்தோர் நண்பர்கள் அதற்குக் கீழே நின்று என் தோளைத் தட்டினார்கள். வந்த வழியை மறக்காதவன் என்றார்கள். தாயின் தொழிலைச் சொல்லக் கூசாத மனிதன் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கூசாத மனிதன் அதை ஏன் ஆளுயரத்துக்கு வரைந்து மாட்ட வேண்டும் என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

வீடு குடிபுகுந்த அன்றோடு அம்மாவும் எங்களோடு வந்துவிடுவதாகப் பேச்சு. பல தடவை கூப்பிட்டு, வரமாட்டேன் என்று மறுத்து, கடைசியில் சம்மதித்திருந்தாள். அவளுக்கென்று வெயில் விழுகிற அறையை ஒதுக்கி, புதுக் கட்டிலும் போட்டிருந்தோம். தோட்டத்து லய வீடுகளில் கூட இருந்த ஆட்களோடு வேனில் வந்து இறங்கினாள். அவளுடைய உடுப்புப் பையும் வேனில் இருந்தது. சாமி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள்தான் முதலில் உள்ளே கால் வைத்தாள். நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். சாமி படத்தை மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சக் குசினிக்குப் போனாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் லயங்களில் சாமிக்குப் பக்கத்தில் ஒரு ஆளின் படம் தனியாக, பெரிதாகத் தொங்கினால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாத சங்கதியா அது? டவுனில் சில வருஷம் இருந்ததில் மறந்துபோயிருந்தது. பூசைக்கு வந்த ஐயர் மறக்கவில்லை. அவருக்கு அம்மாவை முன்பின் தெரியாது. அதே சுவரோரம் வைத்திருந்த சாமி படத்துக்குத் தீபம் காட்டி முடித்தவர், நேரே போய் அம்மாவின் படத்துக்கும் காட்டினார். கண்ணாடியில் சந்தனம் வைத்தார். மிச்சமிருந்த மாலையை எடுத்துச் சட்டத்தில் போட்டார். "தாயாரோட ஆசீர்வாதம் எப்பவும் இந்த வீட்டுக்கு இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அம்மா பால் தம்ளர்த் தட்டோடு வெளியே வந்தாள்.

 லயத்தில் அம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற சின்னம்மாதான் முதலில் அசைந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி வாசலுக்கு வெளியே வீசினார். முந்தானையால் சந்தனத்தையும் துடைத்தார்.

"அக்காவுக்கு ஆயுசு கெட்டி. இன்னும் இவன் பேரப்புள்ளைக்கும் சோறு ஊட்டும்" என்றார்.

அம்மா சிரித்தாள். அவள் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். ஐயர் மட்டும் வேர்த்துப்போய் நின்றார். பிறகு சாப்பாட்டுப் பந்தி முழுக்க அதே பகிடிதான். லயத்துப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்ப்பதும், பிறகு அம்மாவைப் பார்க்காமல் தலையைத் திருப்புவதுமாக இருந்தார்கள். அம்மா அன்று அரக்குக் கலர்ப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். என் கல்யாணத்துக்கு வாங்கியது. அவளுக்குப் பின்னால் சுவரில் அவளே சாக்குக் கட்டிச் சேற்றில் நின்றிருந்தாள். வந்தவர்கள் எல்லோருக்கும் நான் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வேன் திரும்பப் புறப்பட்டபோது அம்மா அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள். உடுப்புப் பை இறக்கப்படவே இல்லை. ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். ஐயர் செய்ததற்குக் கோபமா என்று கேட்டேன்.

"அதுல என்னா இருக்கு. தெரியாம செஞ்சாரு." குரலைத் தணித்துக்கொண்டாள், மற்றவர்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று. "வேல செஞ்சது போதும், வந்து உக்காருங்கம்மான்னுதான கூப்ட்ட? வந்து பாத்தா வாசலுக்கு நேரா கூடையோட நிக்க வச்சிருக்க. நா இன்னும் மலையிலிருந்து எறங்கவே இல்லையாப்பா?"

ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன். வேன் போய்விட்டது.

அன்றே படத்தைக் கழற்றினேன். அது இப்போது கட்டிலுக்கடியில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது. எறியவும் மனமில்லை, பார்க்கவும் முகமில்லை. ஆணியைப் பிடுங்கின இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவளைக் கூட்டிவர லயத்துக்குப் போனேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், வழக்கம் போல முதலில் என் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள். கூப்பிட வாயெடுக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி கலண்டர்களை விட்டுத் தள்ளி, அவள் பிரியப்பட்டு மாட்டிய ஒரே படம் அங்கே இருந்தது. பட்டமளிப்பு அங்கியில் நான்.

அவளிடம் என் படம் இன்னொன்றும் உண்டு. பொத்தானில்லாத சட்டையும் மூக்குச் சளியுமாக லயத்து வாசலில் நான் நிற்பது. அதுதான் அவளுக்கு உயிர். பணப்பையில் வைத்து வைத்து ஓரமெல்லாம் நைந்துவிட்டது. பட்டமளிப்புப் படத்தை நான் கொண்டுவந்து கொடுத்த அன்று இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நாலு பேரு வந்து போற எடம். எதப்பா மாட்டட்டும், நீயே சொல்லு" என்று என்னிடம் கேட்டாள்.