பாரிஸ் அக்காவும் முட்டைப் பந்தும்

பெரியம்மாவின் மகள், நீங்கள் பாரிஸ் அக்கா என்று கூப்பிடுகிறவள், முதல்முதலாக நம் முதலியார்பேட்டை வீட்டில் வந்து தங்கியபோது உங்களில் மூத்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான். சின்னவள் பிறக்கவில்லை. அதனால் அவள் அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது வந்தால் தெருவில் வீட்டுக்கு வீடு நின்று பேசிவிட்டு வருகிறாள், இல்லையா? அப்போது வாசலுக்கு வரவே தயங்குவாள்.

பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை ஒரு வருடத்துக்குக் கிடைத்திருந்தது. "நம்ம ஊரயும் கொஞ்சம் பாக்கட்டும்" என்று சொல்லித்தான் பெரியம்மா அனுப்பிவைத்தார்.

ஊர் அவளைப் பார்த்த விதம்தான் சரியில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் கடைக்கு வந்து "வணக்கம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் குளிர்ந்துபோவார். இவளோ நிறத்திலும் முகத்திலும் நம்மைப் போலவே இருந்தாள். அதனால் இவள் தப்பாகப் பேசினால் யாரும் பொறுக்கவில்லை. வெங்காயம் கேட்பதற்குள் நாலு இடத்தில் தடுமாறினாள் என்று, "ஏம்மா, ஏரோப்ளேன்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்தா தமிழ் மறந்துடுமா?" என்று கேட்டாராம் கடைக்காரர். நின்றவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றாலும் இதே கதைதான். பள்ளியில் உடன் வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போவார்கள். இவளுக்குத்தான் ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே என்று நினைத்து இவளைக் கூப்பிடமாட்டார்கள்.

இரண்டு மாதம் பொறுத்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "சித்தப்பா, நான் டிசம்பர்ல போறேன். டிக்கெட் மாத்திட்டேன். திரும்ப வர மாட்டேன்" என்றாள். உங்கள் அம்மா கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். அன்றைக்குப் பூராவும் அவளுக்கு ஒரே புலம்பல். "எங்க அக்கா கேட்டா நான் என்னா சொல்லுவேன்? சொந்த ஊரே வேணாம்னு ஒரு பொண்ணு போவுது. நாம சோறு போட்டோம், வேற என்னா செஞ்சோம்?"

எனக்கும் அது உறுத்தியது. ஆனால் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன் நான், ஒரு பெண்பிள்ளைக்கு எங்கே போய்ச் சிநேகிதம் தேடிக்கொடுப்பது?

அந்த வாரம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். அங்கே மீன் ஏலம் எடுக்கிற அம்மாவின் மகள் டீ கொண்டுவந்தாள். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"எங்கம்மா விழுந்த?"

"விழல மாமா, தள்ளிவுட்டாளுங்க. ரக்பி. இந்த முட்டைப் பந்த வெச்சிக்கினு ஓடுவாங்களே, அது. நாந்தான் கேப்டன்."

பக்கத்துத் திடலில் ஒரு பயிற்சி மாஸ்டர் புதிதாக ஆரம்பித்திருந்தார். கபடி ஆடிக்கொண்டிருந்த பெண்களையே சேர்த்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டும், இவர்கள் ஆறு பேர்தான்.

"ஒங்க வூட்டுல பிரான்சு பொண்ணு ஒண்ணு இருக்குதாமே மாமா? அது அவுங்க ஊரு ஆட்டம்தானே. வரச்சொல்லு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "நாளைக்கே கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் அவள் என்னை முறைத்தாள். "சித்தப்பா, உங்களுக்குக் கிரிக்கெட் தெரியுமா?"

"தெரியாதே."

"எனக்கும் ரக்பி அப்படித்தான்."

ஆனாலும் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக வந்தாள். என் சைக்கிளுக்குப் பின்னால் அவள் தன் சைக்கிளில் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திடலில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ரக்பியில் ஒருத்தி உங்களைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினால் உடனே எழுந்து ஆட வேண்டும். ஆனால் நம் பெண்கள் கபடிக்காரிகள். பிடிபட்டால் அவுட் என்பது அவர்கள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. விழுந்தவள் மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "எழுந்து வாம்மா! நீ சாவல! உசுரோடதான் இருக்க!"

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. இருந்த ஏழு பேரையே இரண்டு பக்கமாகப் பிரித்து மாஸ்டர் ஆடவிட்டார். உங்கள் அக்கா பந்தோடு விழுந்தாள். ஒருத்தியின் கால் அவள் தோளில் பட்டுவிட்டது. அந்தப் பெண் என்ன செய்தாள்? ஓடுவதை நிறுத்தி, குனிந்து, அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் எதிர்ப்பக்கத்துப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது நமக்குப் பழக்கம். ஒருவர் மேல் ஒருவர் விழுகிற ஆட்டத்தில் எத்தனை பேரைக் கும்பிடுவது?

"கும்புடறதுக்காம்மா கூட்டியாந்தேன்?" என்று மாஸ்டர் கத்தினார்.

மண்ணில் கிடந்தபடியே உங்கள் அக்கா சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு எழுந்து, யோசித்து யோசித்து, "ஆட்டம் முன்னால எல்லாரும் எல்லாரையும் தொடலாம். அப்புறம் மிதிக்கலாம்" என்றாள்.

யாரும் அவள் தமிழைத் திருத்தவில்லை. கேப்டன் பெண் தலையாட்டினாள். "கரெக்டுதான்டி. அட்வான்ஸா கும்புட்டுக்கலாம்."

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி மிதித்துத் தள்ளுவார்கள்.

நன்றாகப் பேசத் தெரிந்தால்தான் சிநேகிதம் கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். திடலில் "குடு", "வுடு", "இங்க", "போ" என்கிற நாலு வார்த்தைக்கு மேல் தேவைப்படவில்லை. இவள் வேகத்தில் "ஆலே! ஆலே!" என்று கத்துவாள். பிரெஞ்சில் போ, போ என்று அர்த்தம். பத்து நாளில் மற்றவர்களும் அப்படியே கத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி செல்லமாகத் திட்டிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, இவள் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் "எரும, தண்ணி குடு" என்று ஆசையாகக் கேட்டாள். அம்மா அந்த ஒருநாள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் டிக்கெட் அப்படியேதான் இருந்தது. ஊருக்குப் போகப்போவதை அவள் திடலில் சொன்ன அன்று நானும் அங்கே நின்றிருந்தேன்.

"சனிக்கெழம போறியா?" என்றாள் கேப்டன். "ஞாயித்துக்கெழம மெட்ராஸ்காரிங்களோட மேட்ச்சு."

"வேற யாரையாவது சேத்துக்கோ."

"சேக்க மாட்டோம்."

"ஏன்?"

"சேக்க மாட்டோம்னா சேக்க மாட்டோம். ஆறு பேரா ஆடி ஒதபட்டுக்கறோம். நீ போயி ஏரோப்ளேன்ல ஜூஸ் குடி." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மறுநாளும் இவளோடு பேசவில்லை. இவள் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாள் பெரியம்மா போன் செய்தார். இவள் பேசியது எனக்குக் கேட்டது. பிரெஞ்சில் ஆரம்பித்தவள், பாதியில் தமிழுக்கு மாறிவிட்டாள். "இல்லம்மா, வரல. ஜூன் வரைக்கும் இருக்கேன். இல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எம் பிரெண்டு எங்கூட பேச மாட்டேங்குறா, அதான்."

பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "என்னாங்க, எம்பொண்ண என்னா செஞ்சீங்க?" என்றார் பெரியம்மா. கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"ஒண்ணும் செய்யல அண்ணி. பந்து வெளையாடுது."

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேராக ஆடித் தோற்றார்கள். நல்ல தோல்விதான், மறைக்க மாட்டேன். கேப்டன் பெண்ணும் இவளும் மண்ணும் ரத்தமுமாக நம் வீட்டுக்கு வந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஜூனில் போனவள் இப்போது வருடா வருடம் வருகிறாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பெட்டியோடு முதலில் தேங்காய்த்திட்டுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருவாள். உங்கள் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.