ஜீப் செயலிக்கு நான் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

என் மகள் பெங்களூரில் ஆறு வருடம் கம்பெனி வேலை பார்த்தாள். அதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும் மலைக்குத் திரும்பி வந்துவிட்டாள். புதூர்நாட்டைத் தாண்டி மேலே எங்கள் ஊர். மேற்குப் பக்க அறையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டாள். கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில், கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு வெப்சைட் நடத்தினாள். நான் சொல்ல வந்தது அதில் நடந்ததைத்தான். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதுவும் எழுத்து பெரிதாக இருந்தால். இதை நான் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. போன் தப்பாக எழுதினதை மகள் திருத்துகிறாள். விஷயத்தைத் திருத்த அவளை நான் விடவில்லை.

போனில் போடுகிற செயலிகளை எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவர் எழுதி முடித்ததை, போனில் இருக்கிற செயலிக் கடைக்கு விடும் முன் வேறு சிலர் தங்கள் போனில் போட்டு, சில நாள் வைத்திருந்து, எங்கே சரியில்லை என்று சொல்ல வேண்டும். தனியாளாக எழுதுகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆள் அகப்படாது. அதற்காகத்தான் அந்த வெப்சைட். நீ என்னுடையதைப் பார், நான் உன்னுடையதைப் பார்க்கிறேன். எங்கள் பக்கம் சாமைக்குக் களை எடுக்க மாற்றாள் போவோம். இன்றைக்கு நாலு பேர் என் கொல்லையில், நாளைக்கு நான் அவர்கள் கொல்லையில். அதனால் இதில் எனக்குப் புரியாதது எதுவும் இருக்கவில்லை.

ஆரம்பத்தில் பார்த்துச் சொல்ல ஆள் போதவில்லை. மகள் என் போனில் எழுத்தையெல்லாம் பெரிதாக்கி வைத்து, என் பெயரையும் வெப்சைட்டில் சேர்த்துவிட்டாள். சும்மா தொட்டுப் பார்த்துச் சொன்னால் போதும் என்றாள். புது செயலி வந்தால் போன் கூப்பிடும். அது புளி உடைக்கிற மாதம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு செயலியைத் திறப்பேன், பார்ப்பேன், வெப்சைட்டுக்குப் போய் ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்துவேன். கீழே கட்டத்தில் ஏதாவது எழுதச் சொல்லும். 'நன்று' என்று எழுதுவேன். நாலைந்து தடவை எழுதிய பிறகு போனே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த மாதத்தில் யார் நிறையச் செயலிகளைப் பார்த்தார்கள் என்று வெப்சைட்டில் ஒரு பட்டியல் இருந்தது. முதலில் என் பெயர் எட்டாவதாக இருந்தது, பிறகு மூன்றாவது, பிறகு முதலாவது. கூட உட்கார்ந்து புளி உடைத்த நாத்தனாரிடம் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னா அண்ணி, இனிமே புளி ஒடைக்க வருவீங்களா, இல்ல பெங்களூரு போய்டுவீங்களா?" என்றாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது கணியம்பாடிக்காரர் ஒருவர் தன் செயலியைக் கொண்டுவந்தார். மலைக்கு ஏறுகிற ஜீப்பில் முன்கூட்டியே இடம் போட்டு வைப்பதற்கான செயலி அது. அவருடைய அம்மா பிறந்த ஊர் எங்கள் மலையில்தான். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு வருடம் உட்கார்ந்து எழுதினாராம். பார்த்துச் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

திறந்தேன். பச்சையாக இருந்தது. பெயர் கேட்டது, போட்டேன். ஊர் கேட்டது, எங்கள் ஊர் பட்டியலில் இருந்தது, தொட்டேன். அதற்கு மேல் தொட எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். கை ஈரமாக இருக்கிறதோ என்று துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டேன். படித்தவர்களுக்கு இந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். மீட்டிங்கில் இருக்கிறாள், கூப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீட்டிங் முடிந்த பிறகும் நான் கூப்பிடவில்லை. ஐந்து நட்சத்திரம், நன்று.

அவர் அதை நம்பிக் கடையில் விட்டார். நாலு ஜீப்காரர்களிடம் பேசி, சந்தை நாளில் இதை வைத்துத்தான் ஆள் ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடும் செய்திருந்தார். சந்தை அன்றைக்கு இரண்டு மூன்று பெயருக்கு மேல் வரவில்லை. ஜனங்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கம்போல ஜீப்பை மறித்து ஏறினார்கள். ஜீப்காரர்கள் அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். அவர் வெப்சைட்டின் பொதுப் பக்கத்தில் நீளமாக எழுதினார். மற்றவர்கள் செயலியை நான் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னேன், என்னுடையதை ஒருவராவது திறந்தீர்களா, இங்கே நடப்பது சோதனை இல்லை கைத்தட்டல் என்று எழுதிவிட்டு, தன் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குக் கீழே, எனக்கும் இப்படித்தான் ஆனது என்று வரிசையாக எழுதினார்கள். ஒரு வாரத்தில் நிறையப் பேர் கழன்றுகொண்டார்கள். கூட நடத்திய இரண்டு பேரும் மூடிவிடலாம் என்றார்கள். மகள் மாதக் கடைசி வரைக்கும் பொறுக்கச் சொன்னாள். சாப்பிடும்போதும் அதே நினைப்பாக இருந்தாள்.

ஒவ்வொருவரும் ஒரு செயலிக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அவளால் பார்க்க முடியும். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் வந்து என் எதிரில், புளிக்கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"யம்மா, அந்த ஜீப் ஆப்ப தொறந்து பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"இன்னா பாத்த?"

"பச்சையா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"கீரக்கட்டுகூடத்தான் பச்சையா இருக்குது. உள்ள போனியா?"

நாலு பேர் வீட்டில் கை நனைக்கிறோம், இலையில் உட்கார்ந்துகொண்டு உப்பு இல்லை என்றா சொல்லுவோம் என்று கேட்டேன்.

"விருந்துக்குக் கூப்ட்டாத்தான்மா அது. இவரு உப்பு பாத்து சொல்லுங்கன்னு கூப்ட்டாரு" என்றாள்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். பார்க்காமல் நட்சத்திரம் போட்டவர்கள் பெயரையெல்லாம் எடுக்கப் போகிறாள். அதில் என் பெயரும் வருகிறது. நான் நிஜமாகவே உள்ளே போய்ப் பார்த்திருந்தால் அதை விட்டுவிடுவாள். அந்த ஆளுடைய செயலி எந்த இடத்தில் கெட்டது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் நிஜம் தெரிய வேண்டும்.

முழுக்கப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ரேஷன் கடையில் கைநாட்டு மையைத் தள்ளிவிட்டுக் கையெழுத்து போடுகிறவள் நான். எழுத்தைப் பார்த்து மலைத்து நின்றேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இவளிடம்கூட. மூன்று நாலு புளியை உடைத்து, கொட்டையைத் தனியாக, சதையைத் தனியாகப் போட்டேன். அவள் எழுந்து போகவில்லை.

"ஊரு பேரு போட்டப்பால எனக்கு வழி தெரியல. நின்னுட்டேன்" என்றேன்.

"எங்க நின்ன? காட்டு."

போனை எடுத்துக் காட்டினேன். அவள் தன் போனில் அதே இடத்துக்குப் போனாள். அவள் போனில் அடியில் 'இடம் போடு' என்று ஒரு பட்டன் அகலமாக இருந்தது. என் போனில் அது இல்லை. என் போனை வாங்கி எழுத்தைச் சிறிதாக்கினாள், பட்டன் வந்தது. பெரிதாக்கினாள், போய்விட்டது. நாலைந்து தடவை அப்படிச் செய்தாள்.

"எழுத்து பெருசானா பட்டன் கீழ எறங்கிப் போய்டுதும்மா. சந்தைக்கு ஜீப்புல போறவங்க முக்காவாசி கண்ணு மங்கினவங்கதான், எல்லாரும் இங்கதான் நின்னுருக்காங்க. உனுக்குத் தெரியாம போனது இல்ல இது. அவரு இதத்தான் தேடினு இருந்தாரு."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை. என் குறை என்று மூடி வைத்தது என் குறையே இல்லை. இதேபோல இன்னும் ஆறேழு செயலிகளில் நான் பாதியில் நின்றிருக்கிறேன். அதை எழுதியவர்களிடம் 'நன்று' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாபகம் இருந்தவற்றை அவளிடம் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் அவளும் மற்ற இரண்டு பேரும் வெப்சைட்டைப் பிரித்துப் போட்டு மாற்றினார்கள். நட்சத்திரத்தை எடுத்தார்கள். பட்டியலை எடுத்தார்கள். எப்படி இருக்கிறது என்ற கேள்வியையும் எடுத்துவிட்டு, 'எங்கே நின்றீர்கள்?' என்று வைத்தார்கள். நின்ற இடத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எங்கும் நிற்காதவர்கள் கடைசியாக என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். நின்றேன் என்று யார் ஒத்துக்கொள்வார்கள் என்று அந்த இரண்டு பேரில் ஒருவர் போனில் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. எங்கம்மா ஒத்துக்கிட்டாங்க என்றாள் மகள்.

பெயர் எடுக்கப்பட்டவர்கள் மூன்று செயலிகளை ஒழுங்காகப் பார்த்துச் சொன்னால் மறுபடி சேரலாம் என்று வைத்தார்கள். நிஜத்தைச் சொன்னதால் என் பெயர் இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"எடுத்துடு. எல்லாருதும் எடுக்கறப்ப என்னுது மட்டும் இருந்தா அந்த ஆளு இன்னா நெனைப்பாரு?" என்றேன்.

பட்டியலில் உங்கள் பெயரைக் காணோமே என்று நாத்தனார் கேட்டாள். இப்போது பட்டியலே இல்லை என்றேன். அது உண்மைதான்.

என் போனின் படத்தை மகள் கணியம்பாடிக்காரருக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, இது யாருடைய போன் என்று கேட்டார். அம்மாவுடையது என்றாள். அடுத்த வாரம் செயலியைத் திருத்தி மறுபடியும் வெப்சைட்டில் போட்டார். அவர் வந்ததைப் பார்த்து இன்னும் சிலரும் வந்தார்கள். மாதக் கடைசி வந்தது. மூடுகிற பேச்சை அந்த இரண்டு பேரும் எடுக்கவில்லை.

நான் பார்க்க வேண்டிய மூன்றில் அவருடையதும் ஒன்று. இந்தத் தடவை பட்டன் இருந்தது. அழுத்தினேன். தேதி கேட்டது. சின்னச் சின்னக் கட்டமாக வந்தது. ஒன்றைத் தொட்டால் வேறொன்று தொடப்பட்டது, மாதம் பின்னால் ஓடியது. இரண்டு தடவை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். பிறகு வெப்சைட்டுக்குப் போய், போன் எடுத்துக் கொடுத்த வார்த்தையை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'தேதியில் நின்றேன்' என்று எழுதிப் படத்தோடு அனுப்பினேன்.

சாயங்காலமே மகளுக்குப் பதில் வந்தது. அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். "அம்மா வேற எங்கயாவது நின்னாங்களா, கேட்டு சொல்லுங்க" என்று இருந்தது.

"இன்னும் முழுசா பாக்கல. நாளைக்கு சொல்றேன்னு சொல்லு" என்றேன்.