பச்சை டப்பா கிராபிக்ஸ் கார்டும் சேதுவும்

மார்கழிக் காலை. லுங்கியில் சுற்றிய கம்ப்யூட்டர் கேபினட் என் மடியில். அதன் தகரம் பேண்டைத் தாண்டித் தொடையில் சில்லென்று ஏறியது இன்றைக்கும் நினைவிருக்கிறது…

தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து எதிர் சீட்டு அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லாவரம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"இன்னாப்பா அது, தையல் மிஷினா?"

"ஆமாம்மா, ரிப்பேரு" என்றான் சேது. சிரிக்கக்கூட இல்லை, படுபாவி.

சேது என் ரூம்மேட். ராஜபாளையத்துக்காரன். 2007 வாக்கில் நாங்கள் இருவரும் சிறுசேரியில் ஒரே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து, மேடவாக்கத்தில் ஒரு மாடி ரூமில் இருந்தோம். தண்ணி லாரி வந்த நாளில் குளியல், வராத நாளில் சென்ட். ரூமில் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் கூடாது, லினக்ஸ்தான் இருக்க வேண்டும் என்பது சேதுவின் பிடிவாதம்.

"எவனெவனோ சேர்ந்து எழுதி ஊருக்கே சும்மா குடுக்கான் மாப்ள… நமக்கு எதுக்கு திருட்டு சிடி?"

எனக்கு லினக்ஸ் மேல் கோபமெல்லாம் இல்லை. கார் ரேஸ் வேண்டும், அவ்வளவுதான். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸில் ஓடும் ரேஸ் ஒன்று இருந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அதை ஓட்டினால், ஒரு வளைவு திரும்புவதற்குள் கையில் இருக்கும் டீ ஆறிவிடும்.

சேதுவுக்கு கேம் என்றாலே ஆகாது. ஆனாலும் எனக்காக பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்தக் கார்டு லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என்று ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தான். கடைசியில் சிவப்பு டப்பாவில் வரும் ஒரு பழைய மாடலைத் தேர்ந்தெடுத்தான்.

"வேகம் கம்மிதான். ஆனா இதோட டிரைவர், அதான் கார்டை ஓட்டுற புரோகிராம், எல்லாரும் பாக்கிற மாதிரி திறந்து கிடக்கு. சொருகினா ஓடும்."

கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவில், கேபினட்டோடு போய் நின்ற எங்களைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், பொட்டியயே தூக்கிகினு வந்துட்டீங்க?"

"லினக்ஸ்ல ஓடுதான்னு இங்கயே போட்டுப் பாக்கணும்ணா" என்றான் சேது.

"லினக்ஸா? அதெல்லாம் பேஜாரு சார். சீல் பிரிச்சா ரிட்டன் கெடையாது. கார்டு இந்தா கீது, வோணும்னா எடுத்துக்க."

மேடவாக்கத்திலிருந்து சுமந்தது வீண். அந்த எரிச்சலில் நிற்கும்போதுதான் பச்சை டப்பாவைப் பார்த்தேன். மேலே புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும் ஒரு கார் படம். படத்தைப் பார்த்தே விழுந்துவிட்டேன்.

"மச்சான், இதான் வேணும்."

"இதோட டிரைவர் மூடி வெச்சது மாப்ள. மக்கர் பண்ணா உள்ள போயி பாக்க முடியாது."

"நீ இருக்கேல்ல… பாத்துக்க மாட்டியா?"

சேது சிவப்பு டப்பாவை மெதுவாகத் திருப்பி வைத்தான். "சரி. விளையாடப் போறவன் நீதான."

மக்கர் பண்ணியது. டிரைவரைப் போட்டதும் திரை கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், காலை இட்லி முடிந்ததும் சேது உட்காருவான். நான் கட்டிலில் படுத்தபடி "ஓடுச்சா?" என்பேன். அவன் திரும்பாமலே "ஓடும் மாப்ள" என்பான். ஒரு நாள்கூட 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொன்னதில்லை.

பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போனான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து ரூமில் ஒரு விண்டோஸ் சிடி வாங்கி, மொத்தத்தையும் அழித்துவிட்டுப் போட்டேன். சேது அதில் எழுதி வைத்திருந்த புரோகிராமெல்லாம் அதோடு போனது. ஹவுஸ் ஓனர் அக்கா கொடுத்த சர்க்கரைப் பொங்கல் பக்கத்திலேயே ஆறிக் கிடக்க, நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த சேது, தோளில் பையோடு வாசலிலேயே நின்றான்.

"மச்சான், சும்மா பறக்குது பாரு!"

அவன் கை சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தைப் பாதி எடுத்திருந்தது. திரையைப் பார்த்தான். காகிதம் திரும்ப உள்ளே போனது.

"ஓடுதுல்ல? நல்லது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவன் திட்டவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அதன்பிறகு உட்காரவும் இல்லை. அந்தச் சித்திரையிலேயே வேறு வேலை கிடைத்து புனே போனான். கொஞ்ச நாள் போனில் பேசினோம். அப்புறம் பண்டிகைக்கு மெசேஜ்… அப்புறம் அதுவும் இல்லை.

ரூமைக் காலி செய்த அன்று பச்சை டப்பாவைத் திறந்தேன். உள்ளே அந்தக் காகிதம். எப்போது வைத்தானோ. எந்த பைலில் எதை மாற்ற வேண்டும் என்று நாலு வரி, அவன் கையெழுத்தில். பொங்கல் லீவில் ராஜபாளையத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அடியில் இன்னொரு வரி.

'இது ஓடும் மாப்ள. மொத ரேஸ் என்கூடத்தான்.'

கேம் என்றாலே ஆகாதவன் எழுதியது.

போன வாரம் புது கம்ப்யூட்டர் வந்தது. கேபினட்டைச் சுமக்கவில்லை, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். லினக்ஸ்தான் போட்டேன். கார்டை அதுவாகவே கண்டுபிடித்துக்கொண்டது. கறுப்புத் திரை இல்லை, காகிதம் இல்லை. பத்து நிமிடத்தில் அதே ரேஸ், கண்ணாடி மாதிரி ஓடுகிறது. "ஓடுது மச்சான்" என்று சொல்லத்தான் ரூமில் ஆளில்லை.

ஏதோ தோன்றி 'இரண்டு பேர்' என்று போட்டேன். திரை இரண்டாகப் பிரிந்தது. ஆரம்பக் கோட்டில் இரண்டு கார்கள். மூன்று, இரண்டு, ஒன்று… பக்கத்துக் கார் நகரவில்லை. அதை விட்டுவிட்டு முன்னால் போக எனக்கு மனசு வரவில்லை.

சேது, எங்கேயாவது நீ இதைப் படித்தால்… நானும் கோட்டில்தான் நிற்கிறேன்.