புள்ளி தெரிகிற கம்ப்யூட்டர்

போன மாதம் நடந்தது, வரிசையாக:

1. ஏரலிலிருந்து என் சாச்சி போன் செய்தார். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. "ஏட்டி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். ரொம்ப வெலையா இருக்கக் கூடாது. நீதான் படிச்சிருக்கேல்லா, பாத்துச் சொல்லு" என்றார்.

2. நான் பட்டியல் போட்டேன். பட்டியல் போடாமல் நான் தேங்காய்கூட வாங்குவதில்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

3. குடும்பத்தில் ஆளாளுக்கு என் பட்டியலைத் திருத்தினார்கள்.

4. சனிக்கிழமை சாச்சி பஸ் ஏறித் திருநெல்வேலி வந்தார். இருவரும் ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

5. கடையிலேயே பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்த சாச்சி, கொஞ்ச நேரத்தில், "வேண்டாம், வா போவோம்" என்று எழுந்துவிட்டார்.

ஐந்தாவது ஏன் நடந்தது? அதைச் சொல்ல, சாச்சிக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாச்சி பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர். அப்படிப்பட்ட பெண்களை எங்கள் பக்கம் உஸ்தாபி என்போம். சாயங்காலமானால் வீட்டில் பிள்ளைகள் வந்து பாயில் உட்காரும். நடுவே மரத்தாங்கியில் எழுத்துப் பாடக் கிதாபு விரிந்திருக்கும். சாச்சி ஓர் ஈர்க்குச்சியால் எழுத்தைத் தொடுவார். பிள்ளைகள் சத்தமாகச் சொல்லும். குச்சி நகர்ந்தால்தான் அடுத்த எழுத்து. அவருடைய பாடம் மொத்தமும் அந்தக் குச்சி முனையில்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது ஏரலில் இல்லை. வாப்பாவுக்கு வளைகுடாவில் வேலை... குடும்பமும் கூடவே போய்விட்டது. ஆனால் உம்மாமார்கள் விடவில்லை. தங்களுக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாபிதான் தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று வீடியோ காலில் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு கையில் போன், மறு கையில் குச்சி. கை ஆடும், எழுத்தும் ஆடும். அரபி எழுத்தில் புள்ளிதான் எல்லாம். ஒரே வளைவுதான் — கீழே ஒரு புள்ளி வைத்தால் 'பா', மேலே இரண்டு வைத்தால் 'தா', மூன்று வைத்தால் 'ஸா'. புள்ளி தெரியாவிட்டால் எதைச் சொல்லிக் கொடுப்பது?

ஷார்ஜாவில் இருக்கும் ரஸியா என்ற ஆறு வயதுக்காரியின் உம்மா ஒரு நாள் பைய சொல்லிவிட்டார். "கோவிச்சுக்கிடாதீய உஸ்தாபி. புள்ளைக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியல. இங்கன ஆன்லைன்ல ஒரு எடத்துல நல்லா சொல்லிக் குடுக்காங்களாம். மாசக் கடைசி வரைக்கும் பாக்கேன்."

ரஸியா போனால் அவளுடைய மாமா பிள்ளைகளும் பின்னாலேயே போகும். சாச்சிக்குத் தனக்கென்று இருக்கும் ஒரே வேலை இதுதான். அவர் அதைச் சொல்லவில்லை. போனில் அவர் குரல் இறங்கியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆக, எழுத்து தெரியவில்லை. அப்படியானால் என்ன வேண்டும்? பெரிய திரை! குடும்பமே ஒரே குரலில் முடிவு செய்தது. என் பட்டியலிலும் முதல் வரி அதுதான். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். இன்ஜினீயரான எனக்குக் கடைக்குப் போகும்வரை தெரியவில்லை.

குடும்பத்தின் திருத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். குவைத்திலிருந்து என் மாமா, அதாவது சாச்சியின் அண்ணன், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "அங்கன ஒண்ணும் வாங்காதீய. நோன்புக்கு வரும்போது நான் கொண்டாரேன்." எங்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. டார்ச் லைட் முதல் இஸ்திரிப் பெட்டி வரை வெளிநாட்டில் இருக்கிறவர் சுமந்து வந்தால்தான் அது பொருள். அதே பொருள் ஜங்ஷன் கடை வாசலில் தொங்கினாலும் யார் கண்ணிலும் படாது!

சாச்சி கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன தடவ அண்ணன் கொண்டாந்த மிக்ஸி பிளக்கு இன்னும் நம்ம செவுத்துல நொழையல. இதுல கம்ப்யூட்டரா?"

சாச்சியின் மகன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். அவன் கவலை வேறு, கேம் விளையாடுவது. "உம்மா, கிராபிக்ஸ் கார்டு இல்லாட்டி அதுக்குப் பேரு கம்ப்யூட்டரே இல்ல."

"ஓதிக் குடுக்கதுக்கு எதுக்குலே சண்ட போடுத மிஷினு?"

கடைக்கு வருவோம். கடைக்கார அண்ணாச்சி பொறுமையான மனிதர். என் பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார். எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, சின்னதாக ஒரு யுபிஎஸ். அலுவலகங்களில் ஓடி, சர்வீஸ் செய்து, வாரன்டியோடு வரும் சிபியு போதும் என்பதிலும் இருவருக்கும் ஒரே கருத்து. பிறகு சாச்சி பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பெரிய ஸ்கிரீனுன்னா இதப் பாருங்க. எல்லாம் ஒண்ணாவே இருக்கு. சிபியு தனியா வேண்டாம். கேமராவும் மேலயே இருக்கு. வெலதான் கொஞ்சம் கூட."

சாச்சிக்குப் பிடித்துவிட்டது. நான்தான், "வாங்குறதுக்கு முன்னால ஒரு பாடம் நடத்திப் பாருங்க சாச்சி" என்றேன். அண்ணாச்சி கடையின் இன்டர்நெட்டைக் கொடுத்தார். ஷார்ஜாவுக்குக் கால் போட்டோம்.

திரையில் சாச்சியின் முகம், ஜன்னல் அளவுக்கு! சாச்சி சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உஸ்தாபி... உங்க மூக்கு மட்டுந்தான் தெரியுது!" — ரஸியா.

பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். சாச்சி பையிலிருந்து கிதாபை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இப்போது குச்சி பிடிக்கக் கை இல்லை.

"இப்ப புள்ளி தெரியுதாம்மா?"

"இல்ல உஸ்தாபி. ஆடுது. முந்தி மாதிரியேதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய திரை இருக்கப்போவது ஏரலில். எழுத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளை இருப்பது ஷார்ஜாவில். நம் வீட்டுத் திரை எவ்வளவு பெரிதானால் அவளுக்கு என்ன?

அதை நான் ஜீரணிப்பதற்குள் அடுத்தது. திரையில் தெரிந்த பக்கத்தைச் சாச்சி உற்றுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அல்லாவே! எழுத்து பொரண்டுல்லா கெடக்கு!"

உண்மைதான். வலமிருந்து இடம் போக வேண்டிய வரி, இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தது. கிதாபை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பச்சப் புள்ளைக்கு எழுத்தப் பொரட்டியா காட்டிக் குடுப்பேன்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வா போவோம்."

"சாச்சி, நமக்கு மட்டுந்தான் கண்ணாடியில பாக்குற மாதிரி காட்டுது. அவளுக்கு நேராத்தான் தெரியும்."

"நீ அங்கன போய்ப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லைதான். படிப்பை வைத்துக்கொண்டு வாதாடலாம்... ஓதுகிற விஷயத்தில் சாச்சியிடம் அது செல்லாது. ரஸியா சொன்னால்தான் செல்லும். அதற்கு அவளுக்கு எழுத்து தெரிய வேண்டுமே!

"அண்ணாச்சி, வயரோட தனியா வர்ற கேமரா இருக்கா?"

இருந்தது. இந்த இடத்தில்தான் விலை குறைந்த டெஸ்க்டாப் ஜெயித்தது. லேப்டாப்பானாலும் எல்லாம் ஒன்றாக வரும் திரையானாலும் அதன் கேமராவுக்கு நம் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. வயர் கேமராவைச் சாதாரண சிபியுவில் செருகி எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். அப்புறம் விலை கூடின திரை எதற்கு? அண்ணாச்சி ரிப்பேர் மேசையில் இருந்த விளக்கின் கழுத்தை இழுத்துக் கொடுத்தார். டேப் போட்டுக் கேமராவை அதில் ஒட்டினேன், மேலிருந்து கீழே பார்க்கும்படி. அடியில் மேசை மேல் தாளை விரித்துச் சாச்சி கிதாபை வைத்தார். ஈர்க்குச்சி இல்லை. ஒரு பேனா ரீஃபில் கிடைத்தது.

"ஒரே ஒரு தடவ சாச்சி. திரையப் பாக்காதீங்க. கிதாபப் பாத்து நடத்துங்க."

தயங்கித்தான் உட்கார்ந்தார். குனிந்தார். ரீஃபில் முனை முதல் எழுத்தைத் தொட்டது.

"அலிஃப்" என்றது ஷார்ஜா.

நகர்ந்தது. "பா." மறுபடி. "தா... ஸா..."

சாச்சி நிமிரவில்லை. மனப்பாடமாகச் சொல்கிறாளோ என்ற சந்தேகம் அவருக்கு. புரட்டினால் உருவே மாறிவிடும் 'ஜீம்' வரியின் கடைசியில் இருந்தது. ரீஃபிலை அங்கே தாவ விட்டார். ரஸியாவும் தாவினாள். திரும்பி நடுவுக்கு வந்தார். ரஸியாவும் வந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்தப் பக்கம் அவள் உம்மாவின் குரல் கேட்டது. "உஸ்தாபி, என்ன செஞ்சீய? புள்ளி எல்லாம் பளிச்சுன்னு தெரியுது!"

சாச்சி என்னைப் பார்த்தார். "நேராத்தான் தெரியுது போலிருக்கு" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

அண்ணாச்சி, "தங்கச்சி, இங்கன நின்னதுல எனக்கும் ரெண்டு எழுத்து வந்துட்டு" என்றார். சாச்சி உடனே, "நாளைக்கு வாங்க, மூணாவது சொல்லித் தாரேன்" என்றார்.

கடைசியில் வாங்கியது: பழைய அலுவலக சிபியு, நடுத்தரத் திரை, வயர் கேமரா, மைக் வைத்த ஹெட்போன், யுபிஎஸ். பெரிய திரைக்கு ஆகியிருக்கும் செலவைவிடக் குறைவுதான்.

செருப்பு வாங்கும்போதுகூடக் காலில் போட்டு நாலு எட்டு நடந்து பார்க்கிறோம். கம்ப்யூட்டரை மட்டும் பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குகிறோம். ஏன்? 'எது நல்ல கம்ப்யூட்டர்?' என்று நாலு பேரைக் கேட்காதீர்கள். நீங்கள் வீட்டில் தினமும் செய்யப்போகிற வேலையைக் கடையில் ஒரு முறை செய்துகாட்டுங்கள். கணக்கு எழுதுவதோ, பிள்ளையின் வகுப்போ, மகளோடு வீடியோ காலோ... எதுவானாலும். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடை இருக்கிறது.

இன்றைய நிலவரம் இது. மாதக் கடைசி வந்து போய்விட்டது. ரஸியாவின் மாமா பிள்ளைகளில் மூத்தவன் அந்த ஆன்லைன் இடத்துக்குப் போய்விட்டான். திரும்பி வருவதாகத் தெரியவில்லை. இளையவன் சாச்சியிடம்தான் ஓதுகிறான். ரஸியாவும் தினமும் சாச்சியிடம் ஓதுகிறாள்.