பட்டுத் துணியால் துடைத்த மாட்யூல்

டிரைவ் ரிப்பேர் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மீட்டர் வாங்கலாம் என்று. மீட்டர் எதுவானாலும் சரி. மாட்யூல் போச்சு என்று வாயைத் திறக்கும் முன், சேவூரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அங்கே ஏகாம்பரம் பட்டு நூல் முறுக்கும் மிஷின் வைத்திருக்கிறார். மோட்டாரை ஓட்டும் டிரைவ் ஒருநாள் படாரென்று நின்றுபோனது. பிரித்தால், ஐஜிபிடி மாட்யூல் கருகிக் கிடந்தது. மோட்டாருக்குக் கரண்டை விட்டு விட்டு அனுப்பும் அதிவேக சுவிட்ச் அது. புதுசு வாங்கி வரச் சொன்னேன். ஆரணி பஜாரில் அதை விற்பவர் குப்புசாமி. அவர் பையனுக்குத்தான் ஏகாம்பரத்தின் மகள் கௌசல்யாவைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

மாட்டும் முன் டெஸ்ட் பண்ணுவது என் பழக்கம். சும்மா இருக்கும் மாட்யூலில் கலெக்டர், எமிட்டர் என்கிற இரண்டு கால்களுக்கும் நடுவே கரண்டுக்கு வழி இருக்கக் கூடாது. மீட்டரை வைத்தேன். வழி இருந்தது.

"ஷார்ட்டுங்க" என்றேன்.

ஏகாம்பரம் போனை எடுத்தார். "இன்னா சம்பந்தி, செத்த பொருளை என் தலையில கட்டிட்டீங்க? இதுலயே இப்டின்னா நாளைக்கு என் பொண்ணை எப்டி வெச்சிப்பீங்க?"

குப்புசாமி வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வருவதற்குள் கௌசல்யா என்னிடம் வந்து, "அண்ணா, மிஷினு ஓடலன்னாலும் பரவால்ல. மாட்யூலு நல்லதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லி மாட்டி, டிரைவ் வெடித்தால் கல்யாணமும் சேர்ந்து வெடிக்குமே.

குப்புசாமி வந்ததும் மாட்யூலை வாங்கி, அதன் கால்களையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப வைங்க மீட்டரை." வைத்தேன். நல்லது என்று காட்டியது.

"குடுங்க இங்க" என்று ஏகாம்பரம் பிடுங்கினார். இடுப்பில் செருகியிருந்த பட்டுத் துணியை எடுத்து, அழுத்தித் துடைத்து நீட்டினார். வைத்தேன். ஷார்ட்.

"அவர் கைல நல்லது, என் கைல கெட்டதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் மூக்குக் கண்ணாடி முதல் சாமி படம் வரை பட்டுத் துணியால்தான் துடைப்பார்கள்.

"வாங்கினப்போ கால்ல கறுப்பா ஒரு பஞ்சு இருந்திருக்குமே, எங்க?" என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

"அழுக்குப் பஞ்சுங்க அது. நூல்ல ஒட்டிக்கும்னு தூக்கிப் போட்டுட்டு, நல்லா தொடச்சிகினு வந்தேன்."

பட்டைத் தேய்த்தால் ஸ்டாட்டிக் சார்ஜ் வரும். அது கேட் என்கிற காலில் ஏறி உட்கார்ந்தால் சுவிட்ச் தானாக ஆன் ஆகிவிடும். அப்படி ஏறாமல் காக்கத்தான் அந்தப் பஞ்சு. குப்புசாமியின் விரல் பட்டதும் சார்ஜ் இறங்கியிருக்கிறது. இவ்வளவு தேய்த்தும் மாட்யூல் சாகாமல் இருந்தது கௌசல்யாவின் அதிர்ஷ்டம். சார்ஜ் இறங்கட்டும் என்று ஒயர் துண்டால் கேட்டையும் எமிட்டரையும் சேர்த்துத் தொட்டேன். மீட்டர் நல்லது என்றது. மாட்டினேன், மிஷின் ஓடியது.

"அப்ப தப்பு பட்டு மேலயா?" என்றார் ஏகாம்பரம்.

"தொடச்ச கை மேல" என்றார் குப்புசாமி.

அதனால் தம்பிகளா, ஷார்ட் என்று சொல்லும் முன் கேட்டையும் எமிட்டரையும் சேர்த்துத் தொட்டுவிட்டு, இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி யாருடைய கல்யாணம் காத்திருக்கிறதோ.

நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். தட்டு மாற்றும் நேரத்தில் ஏகாம்பரம் பழக்கதோஷத்தில் இடுப்புத் துணியை உருவி, சம்பந்தி வீட்டுத் தட்டைத் துடைக்கப் போனார். கௌசல்யா மணைப்பலகையிலிருந்து எழுந்து வந்து, அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.