வள்ளல் கொடுத்த வாயாடி

என் மனைவியின் தம்பிக்கு எங்கள் வீட்டில் வள்ளல் என்று பெயர். வைத்தது நான்தான். கேட்டவர்களுக்கு இல்லை என்று அவன் சொன்னதே கிடையாது; கொடுத்த பொருள் அவனுடையதாக இருந்ததும் கிடையாது. ஒருமுறை என் ஏணியைத் தெருக்கோடி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஆறு மாதம் கழித்துக் கேட்கப் போனால், அதற்குப் பச்சை பெயின்ட் அடித்து, தங்கள் வீட்டு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்கள். "சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டுத்தான் என் ஏணியை எனக்கே கொடுத்தார்கள். வள்ளலுக்கு அதில் ஒரே பூரிப்பு. "பாருங்க அத்தான், எவ்வளவு நல்லா வெச்சிருக்காங்க" என்றான்.

அவனுக்கு ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பில் வேலை. கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டித் தூசு எடுத்த நேரம் போக, மிச்ச நேரத்தில் அவன் எழுதிய புரோகிராம்தான் வாயாடி. அந்தப் பெயரை வைத்தது என் மனைவி. அவளுக்குச் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். திரையில் உள்ள பெயர்களையும் எண்களையும் வாயாடி படித்துச் சொல்லும். அவள் இணைப்புக் கொடுப்பாள்.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது, உருப்படியான காரியம்தான் செய்திருந்தான். ஆனால் பிறந்தபோது அந்த வாயாடிக்கு நாக்கே புரளவில்லை. பல்லையும் பல்பையும் ஒரே மாதிரி சொல்லும். டாக்டர்களின் பெயரைக் கொலை செய்யும். எண்ணின் முன்னால் வரும் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். நான்கு வருடம் என் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தப்பாகச் சொல்லிச் சொல்லித் திருத்தவைத்தாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் திருத்தங்கள். வெளியிலிருந்தும் ஐந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி அனுப்பினார்கள்.

அதை முதலில் காப்பிலெஃப்ட் லைசென்ஸில்தான் வெளியிட்டிருந்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம். ஆனால் மாற்றியதை இன்னொருவர் கையில் கொடுத்தால், உள்ளே எழுதியிருப்பதையும் திறந்து கொடுக்க வேண்டும், இதே நிபந்தனையோடு. வாங்கியவன் கையிலும் சாவி இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

அப்போதுதான் ஒரு கம்பெனி மேனேஜர் லேப்புக்கு வந்து சேர்ந்தார். "உங்க வாயாடி அருமை சார். அந்த லைசென்ஸ்தான் கொஞ்சம் இடிக்குது. பெர்மிசிவா மாத்திட்டீங்கன்னா நாடு முழுக்கக் கொண்டுபோயிடலாம். உங்களை மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும்?" என்றார். பெர்மிசிவ் என்றால் எடுத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், மூடியும் வைத்துக்கொள்ளலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. பெரிய மனசு என்று சொன்னதோடு நம் ஆள் தரையில் நிற்கவில்லை.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. லைசென்ஸை மாற்ற, அதில் கைவைத்த எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அந்த ஐந்து பேரும் மெயிலில் சரி என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்த ஆள் எங்கள் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் திருத்தினதை அவங்க தாராளமா எடுத்துக்கட்டும். அவங்க மாத்துறதை நமக்கும் காட்டட்டும். இதுல என்னடா தப்பு?" என்றாள்.

"அது கட்டாயப்படுத்துற மாதிரி இருக்குக்கா. சுதந்திரம்னா நிபந்தனையே இருக்கக் கூடாது."

"உன் பேரு இருக்கணும்னு மட்டும் நிபந்தனை இருக்கே?"

"அது ஒரு மரியாதைக்குக்கா."

"நாளைக்கு அவங்க பூட்டி வெச்சுட்டா?"

"ஏன்க்கா எல்லாரையும் சந்தேகப்படுறே? நல்ல மனுஷங்க."

எனக்குப் பசி. "கொடுத்துத் தொலையேன், நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்றேன். ஏணியைப் பறிகொடுத்தவன் சொன்ன புத்திமதி அது. அவள் எனக்குச் சோறு போட்டு முடித்தாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க, நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சம்மதக் கடிதத்தை அனுப்பினாள்.

ஒரு வருடத்தில் கம்பெனியின் சரக்கு வந்தது. ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிக் குரல். உச்சரிப்பெல்லாம் என் மனைவியின் திருத்தம், அட்சரம் பிசகவில்லை. ஆஸ்பத்திரியும் அதையே வாங்கியது. புது மெஷின்கள், புது எண்கள், கம்பெனி அனுமதித்த புரோகிராம் மட்டும்தான் ஓடும். பழைய வாயாடிக்கு உள்ளே இடமில்லை.

வேகமாகப் படிக்க வேண்டும் என்று எவனோ ஒரு புத்திசாலி எண் படிக்கும் இடத்தில் கைவைத்திருக்கிறான். மறுபடியும் பூஜ்ஜியத்தை விழுங்க ஆரம்பித்தது. 0412 ரத்த வங்கி. 412 சலவைப் பகுதி. இரண்டையும் "நானூற்றுப் பன்னிரண்டு" என்றே படித்தது. இப்படி இன்னும் எத்தனையோ எண்கள். ரத்தம் கேட்டவர்களுக்குத் துணி துவைக்கிறவர்கள் கிடைத்தார்கள். மூன்றாம் நாளே என் மனைவிக்கு மெமோ வந்துவிட்டது: பதினைந்து நாளில் தவறுகள் நிற்காவிட்டால் வேறு வேலைக்கு மாற்றப்படுவார். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். தவறு மெஷினுடையது என்றால் யார் நம்புகிறார்கள்? குரல்தான் அவ்வளவு அழகாக இருக்கிறதே.

வள்ளலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். "இது நாம முதல் மாசமே சரி பண்ணினதுக்கா, பத்து நிமிஷ வேலை" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் எழுந்து நின்றான். உள்ளே எழுதியிருப்பதைத் திறக்கவே முடியவில்லை, பூட்டி வைத்திருந்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்தான். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்றார்கள். மேனேஜரைக் கேட்டான், அவர் எப்போதும் மீட்டிங்கில் இருந்தார்.

போகிற போக்கில் புரோகிராமைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, அடியில என் பேரைப் போட்டிருக்காங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க."

என் மனைவி அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி விசையை அழுத்தினாள். சத்தமே இல்லை. அந்தப் பக்கத்தை வெறும் படமாகப் போட்டிருந்தார்கள். அது அவர்கள் புரோகிராமுக்கே படிக்க வராது.

"எனக்குக் கேக்கலைடா. என் பேரு இருக்கா?" என்றாள்.

வள்ளல் குனிந்து, மூக்கு திரையில் படும் அளவுக்குத் தேடினான். இருந்தால்தானே? லைசென்ஸில் இவன் எழுதிக் கொடுத்தது இவன் பெயர் ஒன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். கொடுத்துத் தொலை என்ற வாய் என்னுடையது என்பதால் கை எழவில்லை.

பதினைந்தாம் நாள் அவளை மாற்றினார்கள். அவள் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு இப்போது அந்த அழகான குரலே எண்ணைச் சொல்லிவிடுகிறது. கோரிக்கை இன்னும் பதிவில்தான் இருக்கிறது. ரத்த வங்கி வேண்டுமா, நானூற்றுப் பன்னிரண்டை அழுத்துங்கள் என்கிறது.

என் மனைவிக்குக் கொடுத்த புது வேலை, சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிப்பது. மேஜைமேல் ஒரு போன் இருக்கிறது. அது அடித்தால், மடித்துக்கொண்டிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறாள்.

"இது சலவைப் பகுதிங்க. முன்னாடி ஒரு பூஜ்ஜியம் சேர்த்துப் போடுங்க. அந்தக் குரல் சொல்லாது. அதுக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தது நான்தான்."