குட்டைக் கை முழம்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக வரும், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து மகளுக்கு வந்த கவரின் ஸ்டாம்பில் ஒரு பூக்காரி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பேத்தி அதைக் காட்டி, "பாட்டி, இஸ் திஸ் யூ?" என்றாள்.

"நான் எங்க கண்ணு உக்காந்தேன்? தெருத்தெருவா நடந்தேன்."

அமெரிக்காவில், பிளானோவில், மகள் வீட்டு ஏசி ஓடுகிற ஹாலில், ஈரத்துணி போர்த்திய மல்லி மொட்டின் வாசம் எனக்கு அடித்தது. வயசானால் மூக்குக்கும் புத்தி பிசகும் போலிருக்கிறது.

திண்டுக்கல்லில் எனக்குக் கல்யாணமான புதிது. பூ விற்றது மாமியார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கட்டிய பூ கூடை நிறைய இருந்தது. மொட்டு விரிந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். அன்றைக்கு அடுப்பும் எரியாது.

"போ தாயி. வாயத் தொறந்து கூவு, அது போதும்" என்றார். எனக்கோ மாதா கோயிலில் பாடும்போதுகூட உதடு மட்டும்தான் அசையும்.

இரண்டு தெரு ஊமையாக நடந்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. தெருக்குழாயடியில் போய் நின்றேன். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் வாசத்துக்குத் தாங்களாகவே திரும்பினார்கள். மாடிவீட்டு அக்கா ஒரு முழம் கேட்டார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து அளந்து கொடுத்தேன்.

"ஏம்மா, இது முழமா, சாணா? ஒம் மாமியா கையக் கடன் வாங்கிட்டு வர்றதுதான?"

வேடிக்கை பார்க்க எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். இவர் வாங்காமல் போனால் யாருமே வாங்க மாட்டார்கள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஒங்க கையாலயே அளந்துக்கங்கக்கா" என்றேன்.

அளந்தார். அவர் கை என் கையைவிடக் குட்டை! நான் கொடுத்ததில் நாலு விரல் பூ மிஞ்சித் தொங்கியது.

"யக்கா, மிச்சத்த அந்தப் புள்ளகிட்டயே குடுத்துரு!" என்று ஒருத்தி கத்த, குழாயடியே சிரித்தது. மாடிவீட்டு அக்காவும் சிரித்துவிட்டார். "போடும்மா, ஒன் கையாலயே இன்னொரு முழம்."

அடுத்த தெருவுக்குள் நுழைந்ததும், "மல்லீ... மல்லியேய்!" என்று கூவினேன். படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. கதவுகள் திறந்தன. மொட்டு விரியும் முன்னே கூடை காலி. மாமியார் தேறிய பிறகும் அந்தத் தெருக்கள் என்னிடமே இருந்தன.

இங்கே இந்தியன் கடையில் பூ, ஃபிரிட்ஜுக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கிறது. அளப்பதும் இல்லை, சண்டையும் இல்லை. ஊரிலும் வீட்டுக்கு வீடு பைப் வந்து அந்தக் குழாயடி போய்விட்டதாம். அது பள்ளிக்கூடத் தெருவா, அதற்கு அடுத்ததா, மாசம் சித்திரையா, வைகாசியா, தெரிந்தவர்கள் விசாரித்துத் திருத்துங்கள். நான் கூவியதில் மட்டும் கை வைக்காதீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.